வளவில் போட்ட கூட்டெரு நாறுகிறது: கிணற்றுக்குப் பாதிப்பு வருமா?

கேள்வி:
யாழ்ப்பாணம் நல்லூரில் சிறிய வளவொன்றில் வசிக்கிறோம். உக்கும் கழிவை மாநகர சபை வண்டிக்குக் கொடுக்காமல் வீட்டிலேயே பசளையாக்கும் எண்ணத்தில் மூன்று கிழமைகளாகச் சோறு, மீன் செதில், மரக்கறித் தோல் ஆகியவற்றைக் குழியில் போட்டு வருகிறேன். இப்போது அது கறுத்துச் சளசளத்து நாறுகிறது. கிணறும் அருகில் உள்ளதால் மனம் அமைதியின்றி இருக்கிறது.

மறுமொழி 1:
தங்கச்சி, ஈரம் மிகுந்து காற்றுப் புகாததே நாற்றத்திற்குக் காரணம். கரிமமும் நைதரசனும் ஏறத்தாழ 30:1 என்ற அளவில் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் சீராக வேலை செய்யும் என்பதால், ஒரு வாளி சமையற் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி கரிமம் மிகுந்த காய்ந்த மாவிலை, பூவரசஞ் சருகு, தும்பு சேர்த்துக் கிழமைக்கு ஒருமுறை புரட்டுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி மட்டுமே கசிய வேண்டும். மீனைச் சில காலம் தவிருங்கள். பனையோலையைத் தோட்டத்தில் தாழ்த்துப் பசளையாக்கிய ஊர் இது. சருகை எரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நோகிறது.

மறுமொழி 2:
கிணற்றைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. எமது நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் தங்குவதால், மேலிருந்து கசியும் நைத்திரேற்று (கழிவு உக்கும்போது உண்டாகி நீரில் கரையும் நைதரசன் சேர்வை) விரைவாக அதைச் சென்றடைகிறது. ஆகவே கழிவை வெளியே எடுத்துக் குழியை மூடிவிட்டு, அதை கிணற்றிலிருந்து இயன்றவரை தள்ளி, சீமெந்துத் தளத்தின்மேல் குவியலாக வைத்து, ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கிடுகால் கூரை போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. நாளையே குழியைக் கிளறி மேலே எடுக்கிறேன்.