சின்ன ஃபைல்கள் என்றால் என்எஃப்எஸ் வேகம் படுத்துவிடுகிறது, உதவி வேண்டும்

வீட்டு ஸ்டோரேஜ் சர்வரில் என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை) வழியாக சின்ன சின்ன ஃபைல்களை எழுதினால் வேகம் நொடிக்கு 2, 3 எம்பிக்கு மேல் ஏறவே இல்லை. அதே ஃபோல்டரை அதே லேப்டாப்பிலிருந்து சம்பா (விண்டோஸ் பாணி ஃபைல் பகிர்வு) வழியாக அனுப்பினால் பல மடங்கு வேகமாகப் போகிறது. பெரிய வீடியோ ஃபைல் என்றால் இரண்டிலுமே 110 எம்பி வரை வருகிறது, படிப்பதிலும் பிரச்சினை இல்லை.

சர்வர்: ஐ3 பிராசஸர், 16 ஜிபி ரேம், டெபியன் 12, இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க், இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் மிரர் (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு). லேப்டாப்பிலும் லினக்ஸ்தான், என்எஃப்எஸ் 4.2, ஜிகாபிட் கேபிள், வைஃபை இல்லை. புகைப்படங்களை இங்கே மாற்ற ஆரம்பித்த நாளிலிருந்தே இப்படித்தான்.

நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் நொடிக்கு 940 மெகாபிட் காட்டுகிறது, அதனால் நெட்வொர்க் மேல் சந்தேகம் இல்லை. ஜம்போ ஃப்ரேம், என்கனெக்ட், சர்வரில் த்ரெட் எண்ணிக்கையைக் கூட்டுவது, ஏடைம் ஆஃப் என்று வழக்கமாகச் சொல்லும் செட்டிங் மாற்றங்கள் எல்லாம் பார்த்தாச்சு, பலன் இல்லை. அப்புறம் இசட்எஃப்எஸ்ஸில் சிங்க்கை (டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே எழுதியாச்சு என்று பதில் சொல்வதை) டிசேபிள் செய்ததும் சட்டென்று வேகம் வந்துவிட்டது, அதாவது ஒவ்வொரு ஃபைலும் டிஸ்க்கில் உறுதியாக எழுதப்படும் வரை லேப்டாப் காத்திருப்பதுதான் காரணம். ஆனால் அப்படியே விட மனசில்லை, கரண்ட் போனால் கடைசி சில நொடிகளில் எழுதியது காணாமல் போகும், லேப்டாப்போ எழுதியாச்சு என்றே நம்பிக்கொண்டிருக்கும். இவை குடும்பப் படங்கள், திரும்ப எடுக்க முடியாது.

பவர் லாஸ் பாதுகாப்பு உள்ள சின்ன எஸ்எஸ்டி ஒன்றைத் தனி லாக் டிவைஸாக (சிங்க் எழுத்துகளை முதலில் வாங்கி வைக்கும் டிஸ்க்) சேர்த்தால், சிங்க்கை விட்டுக்கொடுக்காமலேயே சம்பா வேகத்துக்குப் பக்கத்தில் வருமா, வீட்டில் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்?