அமெரிக்க காங்கிரஸில் இருக்கிற "நம்ம ஆள்" எதற்கெல்லாம் ஓட்டுப் போட்டார், எங்கே பார்ப்பது? (2026 ஜனவரியில் எழுதியது)

நண்டுக்கூடை (மண்டபம்)

வணக்கம். நான் மண்டபத்தில் கரையில் நண்டு எடுத்துக் கம்பெனிக்குக் கொடுக்கிற ஆள். விடியற்காலையில் வல்லம் வந்ததும் வலையிலிருந்து ஒவ்வொரு நண்டாகக் கழற்றி, பெரியது சிறியது பிரித்து, எடை போட்டு வாங்குவோம். அப்புறம் அது வெந்து, கம்பெனியில் பெண்கள் உட்கார்ந்து ஓடு நீக்கிச் சதையைப் பிரித்து டப்பாவில் அடைக்கிறார்கள். அந்த டப்பாவில் பெரும்பங்கு போவது அமெரிக்காவுக்கு. 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியச் சரக்குக்கு வரி 50 சதவீதம் ஆனதிலிருந்து எங்கள் பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான், கம்பெனிக்காரன் ஒரு போன் போட்டால் போதும், கரையில் விலை இறங்கிவிடும். காரணம் கேட்டால் "அமெரிக்கா" என்று ஒரே வார்த்தை.

இப்போது விஷயம் என்னவென்றால், டீக்கடையில் ஒருத்தர் சொல்கிறார், அங்கே காங்கிரஸில், அதாவது அவர்கள் நாடாளுமன்றத்தில், ராஜா கிருஷ்ணமூர்த்தி என்று ஒரு தமிழர் இருக்கிறார், போன டிசம்பரில் (2025) இந்த வரியை எடுக்கச் சொல்லித் தீர்மானமே கொண்டுவந்துவிட்டார், இனி விலை ஏறிவிடும் என்று. அதை நம்பி என் பங்காளி கடன் வாங்கிக் கூடுதலாக நண்டு வலை எடுக்கக் கிளம்பிவிட்டான். நான் கொஞ்சம் பொறு என்று நிறுத்தி வைத்திருக்கிறேன், இந்தப் பொங்கல் முடிகிற வரைக்கும்தான் அவன் பொறுப்பான்.

அவர் நிஜமாகவே தமிழரா? என்ன பின்னணி? இதுவரை எந்த எந்தச் சட்டத்துக்கு ஆதரவாக, எதற்கு எதிராக ஓட்டுப் போட்டிருக்கிறார், அதை நம்மைப் போன்றவர்கள் பார்க்க முடியுமா? அந்தத் தீர்மானம் நிறைவேறுமா? கடைசிக் கேள்விக்காவது யாராவது சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

பெரியபட்டினத்தான்

அண்ணே, முதலில் பங்காளியின் கையைப் பிடியுங்கள். தீர்மானம் அறிமுகம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நான் இருப்பது ஷாம்பர்க், சிகாகோவுக்குப் பக்கத்தில். ராஜா கிருஷ்ணமூர்த்தி எங்கள் தொகுதி ஆள், இல்லினாய் மாநிலத்தின் 8ஆவது தொகுதி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தமிழ்க் குடும்பம்தான். பிறந்தது 1973இல் டெல்லியில், மூன்று மாதக் குழந்தையாக அமெரிக்கா வந்தவர். முதலில் பஃபலோ, அப்புறம் இல்லினாயில் பியோரியா என்கிற ஊர், அப்பா அங்கே பொறியியல் பேராசிரியர். சின்ன வயதில் குடும்பம் கஷ்டப்பட்டபோது அரசு வீட்டிலும் உணவுச் சீட்டிலும் காலம் தள்ளியதை மேடைக்கு மேடை சொல்வார், நானே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். பிரின்ஸ்டனில் மெக்கானிக்கல் படித்து, ஹார்வர்டில் சட்டம் படித்தார். 2004இல் ஒபாமா மேலவையான செனட்டுக்கு நின்றபோது கொள்கைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஏறியதுமே ஜெயித்த ஆள் இல்லை. 2010இல் மாநிலக் கணக்குத் தலைமைப் பதவிக்கு உட்கட்சித் தேர்தலில் மயிரிழையில் தோற்றார், 2012இல் காங்கிரஸுக்கு நின்று டாமி டக்வொர்த்திடம் தோற்றார். டக்வொர்த் செனட்டுக்குப் போனதால் காலியான இந்த இடத்தில் 2016இல் கிருஷ்ணமூர்த்தி ஜெயித்தார். பகவத் கீதையை வைத்துப் பதவி ஏற்றார்.

செய்த வேலை என்று பார்த்தால், பல் முளைக்காத பிள்ளைகளுக்குக் கொடுக்கிற டப்பா உணவில் ஆர்சனிக், ஈயம் இருக்கிறது என்று 2021இல் அவர் தலைமை தாங்கிய துணைக்குழு ஒரு அறிக்கை விட்டது, அது இங்கே தாய்மார்களிடம் பெரிய பேச்சானது, என் வீட்டிலும் இரண்டு டப்பா குப்பைக்குப் போனது. அப்புறம் சீனா பற்றிய தனிக்குழுவில் அவருடைய ஜனநாயகக் கட்சித் தரப்புக்கு மூத்தவராக இருந்தார். டிக்டாக்கைச் சீனக் கம்பெனி விற்க வேண்டும், இல்லாவிட்டால் தடை என்ற மசோதாவை டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மைக் காலகருடன் சேர்ந்து கொண்டுவந்தார். 2024 மார்ச் 13இல் 352க்கு 65 என்று சபையில் நிறைவேறி, ஏப்ரலில் சட்டமும் ஆனது. நம் ஊரில் 2020 ஜூனிலேயே ஒரே ராத்திரியில் அழித்த சமாச்சாரம், இங்கே வர நான்கு வருஷம்.

ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு அட்டை வைத்திருப்பார்கள், அதைச் சபையில் இருக்கிற பெட்டியில் சொருகிப் பொத்தானை அழுத்தினால் சுவரில் பெயருக்கு எதிரே பச்சை அல்லது சிவப்பு எரியும். 1973இலிருந்து இப்படித்தான். வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு பேர் கேட்டால் பெயர் வாரியாகப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. சபைச் செயலர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் தேதி, மசோதா எண், பெயர் எல்லாம் ஏறிவிடும். காங்கிரஸ் டாட் கவ் போய் மசோதா பெயரைத் தட்டினாலும் வரும், மண்டபத்தில் இருந்தும் வரும், காசு கிடையாது. சின்னச் சின்ன மசோதாக்களைச் சத்தமாக ஆம், இல்லை என்று சொல்லி முடித்துவிடுவதும் உண்டு, அதில் பெயர் தேட முடியாது.

ஒரு உதாரணம். 2025 ஜூலை 3இல் டிரம்பின் பெரிய வரி மசோதா 218க்கு 214 என்று தப்பிப் பிழைத்து நிறைவேறியது. கிருஷ்ணமூர்த்தி சிவப்பு. அவர் கட்சியில் எல்லோரும் சிவப்பு. டிரம்ப் கட்சியிலேயே மாஸி, ஃபிட்ஸ்பாட்ரிக் என்று இரண்டு பேர் சிவப்பு. அந்த மசோதாவில்தான் ஏழைகளின் உணவு உதவியையும் வெட்டினார்கள், வெளிநாட்டுக்கு ரொக்கமாகப் பணம் அனுப்பினால் 1 சதவீதம் வரி என்பதும் அதில்தான் வந்தது. முதலில் 5 சதவீதம் என்று எழுதியிருந்தார்கள், என் அத்தாவுக்குப் பணம் அனுப்புகிற எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து போவதற்கு இல்லை என்று ஆனது.

இனி உங்கள் வரி. அந்த 50 சதவீத வரி காங்கிரஸ் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்ததே இல்லை. நெருக்கடிநிலைச் சட்டம் ஒன்று 1977இலிருந்து இருக்கிறது, அதைக் காட்டி ஜனாதிபதி உத்தரவில் போட்டது. டெபோரா ராஸ், மார்க் வீசி, கிருஷ்ணமூர்த்தி மூன்று பேரும் 2025 டிசம்பரில் கொண்டுவந்த தீர்மானம், இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைச் சொல்லிக் கூடுதலாகப் போட்ட 25 சதவீதத்தை எடுக்கச் சொல்கிறது. நிறைவேறினாலும் மீதி 25 அப்படியே நிற்கும். மூன்று பேருமே சிறுபான்மைக் கட்சி. சபையில் எது ஓட்டுக்கு வரும் என்பது பெரும்பான்மைக் கட்சியின் கையில். அதையும் தாண்டி இரண்டு சபையும் நிறைவேற்றினாலும் ஜனாதிபதி மறுத்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். போதுமா?

இன்னொன்று, கிருஷ்ணமூர்த்தி இந்த 2026இல் செனட்டுக்கு நிற்கிறார், மார்ச் 17இல் உட்கட்சித் தேர்தல். இந்திய வம்சாவளிக்காரர்கள் இங்கே நிறைய நன்கொடை கொடுப்பவர்கள். தீர்மானம் கொண்டுவந்ததில் மனசும் இருக்கலாம், கணக்கும் இருக்கலாம். நான் இரண்டையும் தப்பென்று சொல்லவில்லை.

சேதுக்கரை டீச்சர்

பெரியபட்டினத்தான் தம்பி விவரமாக எழுதியிருக்கிறார். நான் "நம்ம ஆள்" என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், இருபது வருஷம் சிவிக்ஸ் நடத்திய பழக்கம், விட முடியவில்லை.

சென்னையிலேயே பிறந்த ஒரு பெண்மணியும் அங்கே இருக்கிறார், பிரமிளா ஜெயபால். 1965இல் பிறந்தவர், மலையாளக் குடும்பம், பதினாறு வயதில் படிக்கப் போனவர், சியாட்டில் பக்கம் 2017இலிருந்து உறுப்பினர். பிறந்த மண் கணக்கென்றால் இவர்தான் டெல்லியில் பிறந்தவரை விட நமக்குப் பக்கம். ஆனால் 2019 டிசம்பரில் காஷ்மீரில் தொலைத்தொடர்பைத் திறந்துவிடச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார், அவர் வருகிறார் என்பதற்காகவே நம் வெளியுறவு அமைச்சர் ஒரு சந்திப்பையே ரத்து செய்தார். அன்றைக்கு அவரைத் துரோகி என்று எழுதியவர்களும் உண்டு, வீராங்கனை என்றவர்களும் உண்டு. இரண்டு பேருமே அவர் சியாட்டில்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதை மறந்துவிட்டார்கள்.

நண்டுக்கூடை தம்பிக்கு ஒரு விஷயம். நம் கரையை அந்தக் காங்கிரஸ் தொட்டது இது முதல் தடவை இல்லை. 1989இல் ஒரு சட்டம் போட்டார்கள், கடல் ஆமை மாட்டிச் சாகிற மாதிரி வலை இழுத்துப் பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்று. 609ஆவது பிரிவு என்பார்கள். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பு வரை போய் வழக்காடின, 1998இல் தீர்ப்பு வந்தது, சட்டம் போகவில்லை. 2019இலிருந்து நம் விசைப்படகு இறால் அங்கே போக முடியாது, பண்ணை இறால் மட்டும் போகும். இழுவலையின் மடியில் ஆமை தப்பிக்கிற கம்பிச் சட்டகம் மாட்டச் சொல்லி மீன்வளத்துறை ஆட்கள் வந்து காட்டுவதெல்லாம் அதனால்தான். படகு முதலாளியான என் பக்கத்து வீட்டுச் சம்மாட்டி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதில் ஆமை போகும், கூடவே என் மீனும் போகும்" என்றார். அந்தச் சட்டம் வந்தபோது கிருஷ்ணமூர்த்திக்குப் பதினாறு வயது. ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு ராமேஸ்வரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்?

கீழக்கரை காக்கா

எல்லாம் சரி. கிருஷ்ணமூர்த்தி எதற்குப் பச்சை, எதற்குச் சிவப்பு என்று ராத்திரி பத்து மணிக்குப் படுத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். அதே சூட்டில் நம் ராமநாதபுரம் தொகுதி எம்.பி.க்குப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். அங்கேதான் சிக்கல்.

நவாஸ்கனி 2019இலும் 2024இலும் ஏணிச் சின்னத்தில் ஜெயித்தார், இரண்டாவது தடவை ஓ. பன்னீர்செல்வத்தை 1,66,782 ஓட்டில் தோற்கடித்தார் (அந்தத் தேர்தலில் ஒரே பெயரில் எத்தனை ஓ. பன்னீர்செல்வம் நின்றார்கள் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்). நாம் எண்ணிப் போட்ட ஓட்டு ஒவ்வொன்றும் கணக்கில் இருக்கிறது. ஆனால் அவர் நம் சார்பாகச் சபையில் போட்ட ஓட்டு? நாடாளுமன்றத்தின் சன்சத் டாட் இன் தளத்தில் வருகை, கேட்ட கேள்வி, பேசிய பேச்சு எல்லாம் கிடைக்கிறது, பிஆர்எஸ் என்ற சட்ட ஆய்வு அமைப்பின் தளத்தில் இன்னும் சுலபமாகத் தொகுத்திருக்கிறார்கள். மசோதாவுக்கு மசோதா ஆம், இல்லை என்று ஒரு பட்டியல் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் பெரும்பாலானது குரல் வாக்கு. சபாநாயகர் கேட்பார், ஒரு பக்கம் சத்தம் போடும், மறுபக்கம் சத்தம் போடும், ஆதரித்தோர் அதிகம் என்பார், முடிந்தது. யாராவது விடாமல் கேட்டால்தான் எண்ணுவார்கள். 2023இல் மகளிர் இடஒதுக்கீடு 454க்கு 2, 2025 ஏப்ரலில் நள்ளிரவு தாண்டி வக்ஃப் மசோதா 288க்கு 232, இப்படிச் சில.

அப்படி எண்ணினாலும் என்ன ஆகப்போகிறது, 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா சொன்னதை மீறினால் பதவியே போகலாம். மாஸி, ஃபிட்ஸ்பாட்ரிக் மாதிரி இங்கே ஒருத்தர் செய்தால் மறுநாள் சபாநாயகருக்குக் கடிதம் போய்விடும். அதனால் நம் எம்.பி. எப்படி ஓட்டுப் போட்டார் என்று கேட்பதை விட அவர் கட்சி எப்படிப் போட்டது என்று கேட்டால் பதில் வந்துவிடும். கட்சி எந்தக் கட்சியாக இருந்தாலும் இதே கதைதான், நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை.

சேதுக்கரை டீச்சர்

காக்கா, நீங்கள் கேள்வி நேரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கொறடா கேள்விக்குக் கிடையாது. ஒரு நாளைக்கு 20 கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், 230 கேள்விக்கு எழுத்தில் பதில். மீனவர் கைது, படகு பறிமுதல் பற்றி அமைச்சகம் எழுத்தில் கொடுத்த பதில் நாளைக்கு ஒரு வழக்குக்கே ஆதாரமாகும்.

கீழக்கரை காக்கா

ஆகும் டீச்சர். படகு திரும்பி வந்தால் சொல்லுங்கள்.

நண்டுக்கூடை (மண்டபம்)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பெரியபட்டினத்தான் எழுதியதைப் பங்காளிக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். சிறுபான்மைக் கட்சி என்ற இடத்திலேயே அவன் முகம் விழுந்துவிட்டது, மீதி 25 நிற்கும் என்றதும் வலைக்காரருக்குப் போன் போட்டு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பழைய வலையில் கிழிந்ததைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வாயில் எனக்கு வாழ்த்து. மார்ச் 17 முடிந்த பிறகு பார்க்கலாம் என்கிறான், அந்தத் தேர்தலுக்கும் வரிக்கும் சம்பந்தம் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறவில்லை.

அவன் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: தம்பி, அந்தத் தொகுதியில் நம் நண்டைச் சாப்பிடுகிறார்களா?

பெரியபட்டினத்தான்

சாப்பிடுகிறார்கள் அண்ணே. நீங்கள் கேட்டீர்களே என்று சாயங்காலம் கடைக்குப் போனபோது குளிர்ப்பெட்டியில் தேடினேன். உள்ளங்கை அளவு டப்பா, பனிக்கட்டி மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். இந்தோனேசியா, இந்தோனேசியா, வியட்நாம், மூன்றாவது வரிசையில் ஒன்று இந்தியா. எந்தக் கரை என்று போடவில்லை. விலை ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டியிருந்தார்கள், பழைய விலை அடியில் பாதி தெரிந்தது.