மூடிக் கிடக்கும் மாலுக்கு ஊர் வரிப்பணம்: கொடுக்கலாமா?

கீழக்கரையான்:
அனைவருக்கும் ஸலாம், வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவில், சிகாகோவுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் நகரத்து மால் ஏறக்குறையச் செத்துவிட்டது. பெரிய கடைகள் இரண்டும் போய்விட்டன. வண்டி நிறுத்தும் இடத்தில் தார் வெடித்துப் புல் முளைத்துக் கிடக்கிறது. அதை இடித்துவிட்டுக் கடைகள், வீடுகள், திரையரங்கு என்று கட்ட ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. நகர மன்றம் வரிப்பணத்தில் கைகொடுக்க வேண்டும் என்று கேட்கிறது.

முறை இதுதான். மால் இன்று 100 ரூபாய் சொத்துவரி கட்டுகிறது, புதிதாகக் கட்டியபின் 300 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 100 மட்டும் வழக்கம்போல் பள்ளி, நூலகம், பூங்கா, நகராட்சி என்று பிரியும். கூடுதலான 200 தனிக் கணக்கில் விழுந்து, அந்த இடத்தின் சாலைக்கும் சாக்கடைக்கும் இடிப்புச் செலவுக்கும் திரும்பிப் போகும். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலச் சட்டப்படி இது 23 ஆண்டுகள் வரை நடக்கலாம். கொடுப்பது இன்னும் பிறக்காத வரியைத்தானே, அதனால் ஆதரிக்கலாம் என்றே நினைக்கிறேன். அடுத்த வாரம் கருத்துக் கேட்புக் கூட்டம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பக்கத்து நகராட்சி ஒன்றிலும் பழைய சந்தையை இடித்து வளாகம் கட்டும் பேச்சு அடிபடுவதாகத் தம்பி சொன்னான். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கேணிக்கரைக் கடைக்காரர்:
பாய், தாராளமாக ஆதரியுங்கள். பூட்டிய கட்டிடம் ஊருக்கு நடுவில் நிற்கும் புண். அதன் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்கும், வரியும் கூடவே இறங்கும், பக்கத்துக் கடைகளும் ஒவ்வொன்றாக மூடும். கொலராடோவில் லேக்வுட் என்ற நகரத்தில் 1966-இல் திறந்த வில்லா இத்தாலியா மால் 2001-இல் மூடப்பட்டது. அந்த நகரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பொது நிதி உதவியோடு மாலை இடித்து, அந்த இடத்தில் தெருக்கள் போட்டு, 2004-இல் பெல்மார் என்ற புதிய நகர மையத்தைத் திறந்தது. கடைக்கு மேலே வீடு, வீட்டுக்குக் கீழே உணவகம் என்று இன்றும் ஆள் நடமாட்டத்தோடு இருக்கிறது.

நம் மாவட்டத்தைப் பாருங்கள். கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேண்டுமா, நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி மதுரைக்குப் போகிறோம். இங்கே சம்பாதித்த பணம் அங்கே போய் இறங்குகிறது. இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். அந்த வலி எனக்குத் தெரியும்.

உச்சிப்புளி வாத்தியார்:
தம்பி, பிறக்காத வரி என்ற சொல்லில்தான் வழுக்கல் இருக்கிறது. 23 ஆண்டுகளில் நிலத்தின் விலை தானாகவும் ஏறும். யாரும் ஒரு செங்கல் வைக்காவிட்டாலும் வந்திருக்கக்கூடிய அந்த உயர்வும் தனிக் கணக்கில்தான் விழும். பள்ளியின் செலவோ 23 ஆண்டுகள் அப்படியே நிற்காது. ஆசிரியர் சம்பளம் ஏறும், பேருந்துக்கு டீசல் விலை ஏறும். அந்த ஏற்றத்தை யார் தலையில் வைப்பார்கள்? உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள்.

கலிபோர்னியா 1952-இல் இந்த முறையைத் தொடங்கிய மாநிலம். அங்கே இதற்கென்று ஏறக்குறைய 400 முகமைகள் வளர்ந்தன. பள்ளிகளுக்குக் குறைந்த தொகையை மாநில அரசே கஜானாவிலிருந்து ஈடுகட்ட வேண்டிவந்தது. கடைசியில் 2012-இல் அத்தனை முகமைகளையும் கலைத்துவிட்டார்கள். பெற்ற தாயே கைவிட்ட பிள்ளையை நீங்கள் தத்தெடுக்கிறீர்கள்.

கீழக்கரையான்:
சார், ரசீதைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. இங்கே பள்ளி நிர்வாகம் ஆண்டுக்கு இவ்வளவு தொகை வேண்டும் என்று முதலில் சொல்கிறது; அதை ஊரின் மொத்தச் சொத்து மதிப்பின் மேல் பரப்பித்தான் விகிதம் வருகிறது. மாலின் புதிய மதிப்பு அந்தக் கணக்கில் சேராததால் என்னைப் போன்ற வீட்டுக்காரர்களுக்கு விகிதம் கூடும். பெரும்பங்கு பள்ளிக்குத்தான் போகிறது, ரசீதில் முதல் வரியே அதுதான். புதிய அடுக்குமாடிகளால் பிள்ளைகள் கூடினால் பள்ளிக்கு அந்தத் தனிக் கணக்கிலிருந்து கொஞ்சம் ஈடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முழுச் செலவுக்கும் அது கட்டுமா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

கேணிக்கரைக் கடைக்காரர்:
வாத்தியார் ஐயா, கலிபோர்னியாவில் தவறு செய்தது கருவி அல்ல, அதைப் பிடித்த கை. கத்தி விரலை வெட்டியது என்பதற்காகக் காய் நறுக்காமல் இருக்கிறோமா? மாலை அப்படியே விட்டால் அந்த 100 ரூபாயும் 60 ஆகிவிடும். அப்போதும் வீட்டு வரி ஏறத்தானே செய்யும்?

உச்சிப்புளி வாத்தியார்:
அப்படி ஆகும் என்று யார் சொல்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. இந்தப் பணம் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்கவே நடக்காது என்று நகர மன்றம் சான்று சொல்ல வேண்டும். அதற்கான ஆய்வறிக்கையை எழுதுபவர் அதே மன்றம் பணம் கொடுத்து அமர்த்திய ஆலோசகர். பெண் வீட்டார் செலவில் பெண்ணைப் பற்றி விசாரிப்பது போன்றது அது.

நியூ ஜெர்சியில் அமெரிக்கன் டிரீம் என்ற மாபெரும் மாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக 2017-இல் சுமார் 110 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் விற்றார்கள். 2019 அக்டோபரில் திறந்தார்கள், அடுத்த ஆண்டே கொரோனா வந்து மூடியது. 2022-இல் அந்தப் பத்திரங்களில் ஒரு பகுதிக்கு வட்டி கட்ட முடியவில்லை. அந்த மாலுக்கு வழக்கமான சொத்துவரி கிடையாது. அதற்கு ஈடாகக் கட்டும் தொகையில் பெரும்பகுதி பத்திரம் வாங்கியவர்களுக்குப் போகிறது.

கேணிக்கரைக் கடைக்காரர்:
நட்டம் பத்திரம் வாங்கிய முதலீட்டாளர்களுக்கு, ஐயா. ஊர் மக்கள் அந்தக் கடனுக்கு ஜாமீன் நிற்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

உச்சிப்புளி வாத்தியார்:
ஒப்புக்கொள்கிறேன். கடன் ஊர்மேல் ஏறவில்லை. ஆனால் அத்தனை பெரிய கட்டிடம் எழுந்தும் ஊருக்கு முழு வரி வரவில்லை. அங்கே தீப்பிடித்தால் ஊரின் தீயணைப்பு வண்டிதான் போக வேண்டும்.

தொண்டிக் கணக்கர்:
பேரூராட்சியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். கீழக்கரைத் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் விற்பனை வரியில் நகராட்சிக்குப் பங்கு உண்டா?

கீழக்கரையான்:
உண்டு ஐயா. மாநில விற்பனை வரி 6.25 விழுக்காடு. அதில் 1 விழுக்காடு, கடை எந்த நகரத்தில் இருக்கிறதோ அந்த நகரத்துக்குப் போகும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மாலுக்காகப் போட்டி போடுவதற்கு அதுவே காரணம்.

தொண்டிக் கணக்கர்:
அங்கேதான் உங்கள் ஊர்க் கணக்கும் நம் ஊர்க் கணக்கும் பிரிகின்றன. நம் ஊரில் ஒரு வளாகத்தில் கோடிக்கணக்கில் விற்பனை நடந்தாலும் ஜிஎஸ்டி மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும்தான். நகராட்சிக்கு நேராக வருவது சொத்துவரி, தொழில்வரி, உரிமக் கட்டணம், சொந்தக் கட்டிடமானால் கடை வாடகை. திரையரங்கு வைத்தால் கேளிக்கை வரி உண்டு. சொத்துவரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரியும் நூலகத்துக்குப் போய்விடும். ஆகவே லேக்வுட்டைக் காட்டி இங்கே கட்டச் சொல்லாதீர்கள். அங்கே விற்பனை கூடினால் நகராட்சிப் பெட்டி நிறையும். இங்கே கடைகள் ஏலம் போய், வாடகை ஒழுங்காக வந்தால்தான் வளாகம் கட்ட நகராட்சி வாங்கும் கடனுக்குத் தவணை கட்ட முடியும். மாடிக் கடைகள் ஏலம் போகாமல் நிற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தவணைப் பணம் எங்கிருந்து வரும்? தெருவிளக்கிலிருந்தும் குடிநீர்க் குழாயிலிருந்தும்தான் வரும்.

பாம்பன்காரி:
கணக்கர் ஐயா சொன்ன மாடிக் கடைகளில் ஒன்று என் அம்மாவுக்கு ஒதுக்கப்பட்டது.

ஊர் பெயர் வேண்டாம். அம்மா முப்பது ஆண்டுகள் பழைய சந்தையில் கருவாடு விற்றார். தகரக் கூரை, சிமெண்டு மேடை, பனையோலைப் பெட்டியில் நெத்திலி, பக்கத்தில் திருக்கை, சாளை. காலையில் தரைவாடகைச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார்கள். அன்றைய வியாபாரத்தில் அன்றே கட்டுவார். கடைக்குப் போகாத நாளில் வாடகை இல்லை. சந்தையை இடித்து வளாகம் கட்டினார்கள். தரைத்தளம் துணிக்கடைக்கும் செல்போன் கடைக்கும் போனது. கருவாட்டு வாடை என்று சொல்லி எங்களுக்கு மாடியில் பின்பக்கம். ஓராண்டு வாடகை முன்பணம், பிறகு மாத வாடகை. முட்டி வலியோடு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா படியேறினார். வாங்க வருகிறவர்கள் படியேறவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலுக்குப் போகாது, சரக்கு வராது, வாடகை மட்டும் நிற்காது. இரண்டாவது தடைக்காலத்தில் அம்மா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது சாலையோரத்தில் சாக்கு விரித்து விற்கிறார். அந்தக் கடையின் ஷட்டர் உப்புக் காற்றில் துருப்பிடித்து, பாதி ஏறி அப்படியே நிற்கிறது. போன மாதம்கூடப் பார்த்தேன்.

கேணிக்கரைக் கடைக்காரர்:
தங்கச்சி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அது வளாகம் கட்டியதன் குற்றமா, தரைத்தளத்தை உங்களுக்குக் கொடுக்காததன் குற்றமா? மழையில் ஒழுகும் தகரக் கூரையிலேயே நம் பெண்கள் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குளிர்பதன அறை, கழிப்பறை, ஐஸ் வைக்க இடம், இவற்றோடு சந்தை கட்ட முடியும். அதற்கும் பொதுப்பணம்தானே வேண்டும்?

பாம்பன்காரி:
வேண்டும் அண்ணன். அம்மாவும் கழிப்பறைதான் கேட்டார், முப்பது ஆண்டுகளாக. கட்டும்முன் ஒருவராவது எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 2014-இல் சாலையோர வியாபாரிகளுக்கென்று சட்டமே வந்தது. விற்பனைக் குழுவில் எங்களுக்கு இடம் உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தக் குழுவின் கூட்டம் எங்கே நடக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கீழக்கரையான்:
லாத்தா, உங்கள் பதிவைப் படித்தபின் என் மாலுக்குள் போய்ப் பார்த்தேன். இன்னும் ஏழு கடைகள் திறந்திருக்கின்றன. தையல் கடை வைத்திருக்கும் வியட்நாம் பெண்மணியிடம், புதிய கட்டிடத்தில் உங்களுக்கு இடம் உண்டா என்று கேட்டேன். தன்னிடம் யாரும் பேசவில்லை என்றார். இத்தனை நாளாக அந்த மால் காலி என்றே நான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன்.

கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேட்கப் போகிறேன். 23 ஆண்டுகளுக்குப் பதில் பத்து ஆண்டுகளில் முடிக்க முடியுமா? எதிர்பார்த்த வரி வராவிட்டால் குறையை நகராட்சி ஏற்குமா, நிறுவனம் ஏற்குமா? அந்த ஏழு கடைகளுக்கு எங்கே இடம்?

கேணிக்கரைக் கடைக்காரர்:
கேளுங்கள் பாய். பதில் சரியாக வந்தால் ஆதரித்து வாக்களிக்கச் சொல்லுங்கள், என் கருத்தில் மாற்றம் இல்லை. தங்கச்சி, தடைக்காலத்து 61 நாளுக்குச் சந்தை வாடகை கூடாது என்று ஒரு மனு எழுதுங்கள். எங்கள் வணிகர்களிடம் நானே கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

பாம்பன்காரி:
இன்றிரவே எழுதுகிறேன் அண்ணன். தரைத்தளம் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுவேன், அதற்கும் கையெழுத்துப் போடுவார்களா?

கேணிக்கரைக் கடைக்காரர்:
அதற்குச் சிலர் போட மாட்டார்கள். நான் போடுவேன்.