தூலே தளத்துக்கு மேல் வெடித்தது எரிகல்தான், மாமா

தக்கலை மாமா: (ஃபார்வர்ட்) கிரீன்லாந்தில் அமெரிக்காவின் தூலே விமானப்படைத் தளத்துக்கு மேல் பயங்கர வெடிப்பு! ரஷ்ய ஏவுகணையா? மூடி மறைக்கிறார்கள்! எல்லாருக்கும் அனுப்புங்கள்!!

தக்கலை மாமா: நமக்குப் பக்கத்திலும் விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், கூடங்குளத்தில் அணு உலை எல்லாம் இருக்கிறதே, அதுதான் போட்டேன்.

கருங்கல் சித்தி: ஐயோ, எப்போ நடந்தது?

மார்த்தாண்டம் அக்கா: பயப்படாதீங்க சித்தி, இது 2018 ஜூலை 25 சமாச்சாரம். வெடித்தது எரிகல். அதுவும் 43 கிலோமீட்டர் உயரத்தில், விமானம் பறக்கிற உயரத்தைப் போல் நாலு மடங்கு. சக்தி 2.1 கிலோடன், ஹிரோஷிமா குண்டில் ஏழில் ஒரு பங்கு. தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

தக்கலை மாமா: அப்போ ராணுவம் ஏன் உடனே சொல்லவில்லை மக்ளே?

மார்த்தாண்டம் அக்கா: மறைக்க நினைத்திருந்தால் இந்த எண்களே வெளியே வந்திருக்காது மாமா. எங்கேயாவது ஏவுகணை கிளம்புகிறதா, அணுகுண்டு வெடிக்கிறதா என்று பார்க்க அமெரிக்க அரசு வைத்திருக்கிற செயற்கைக்கோள்கள் எரிகல்லின் வெளிச்சத்தையும் பிடித்துவிடும். அந்த விவரத்தை நாசா பட்டியலாகவே இணையத்தில் போட்டிருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

குளச்சல் சித்தப்பா: ராத்திரி வள்ளத்தில் இருக்கும்போது எரிநட்சத்திரம் விழுவதை நிறையப் பார்த்திருக்கிறோம், சத்தமே வராது. இது மட்டும் எப்படி வெடிக்கும்?

மார்த்தாண்டம் அக்கா: நீங்க பார்ப்பது பெரும்பாலும் மணல், பயறு அளவுதான் சித்தப்பா. பெரிய கல் அந்த வேகத்தில் வரும்போது முன்னால் காற்று அமுங்கி, அந்த அழுத்தம் தாங்காமல் கல் நொறுங்கும், நொறுங்கியதும் வேகத்தில் இருந்த சக்தி மொத்தமாக வெளியே வரும். வெடிமருந்தே வேண்டாம்.

தக்கலை மாமா: ஏவுகணையும் வேகமாகத்தானே வரும்?

மார்த்தாண்டம் அக்கா: கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையே நொடிக்கு 7 கிலோமீட்டர்தான். இது வந்தது நொடிக்கு 24.4. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மூன்று நொடி! பூமியைச் சுற்றுகிற எந்தப் பொருளும் நொடிக்கு 11 கிலோமீட்டரைத் தாண்டினால் பூமியை விட்டே போய்விடும். அப்போ 24-இல் வந்தது வெளியே இருந்து வந்ததுதான். இந்த ஒரு எண் போதும் மாமா.

நாகர்கோவில் அண்ணன்: 2013-இல் ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்தபோதும் இதே கதைதான். 1,500 பேர் அளவுக்குக் காயம், பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி உடைந்து பட்டது. அங்கே ஜிரினோவ்ஸ்கி என்ற அரசியல்வாதி, இது அமெரிக்காவின் புது ஆயுதச் சோதனை என்றே சொன்னார்.

மார்த்தாண்டம் அக்கா: ஆமாண்ணே. அதே 2018 டிசம்பர் 18-இல் பெரிங் கடலுக்கு மேல் ஒன்று வெடித்தது, 173 கிலோடன், தூலேயைப் போல் எண்பது மடங்கு! மாதக்கணக்கில் உலகத்துக்கே தெரியாது. பக்கத்தில் ஒரு தளம் இருந்திருந்தால் அதற்கும் கதை கட்டியிருப்பார்கள். அணு ஆயுத நாடுகளை இழுத்து இப்படிப் பயமுறுத்துவதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கருங்கல் சித்தி: எங்கள் சர்ச் குரூப்பிலும் காலையிலிருந்து இதுதான் ஓடுகிறது. நீ எழுதியதை அங்கே போடட்டுமா?

மார்த்தாண்டம் அக்கா: போடுங்க சித்தி, அந்த 24.4 கணக்கை மட்டும் விட்டுவிடாதீங்க.