டர்ட் ரேஸ் நடத்துறோம், ஓட்ட ஆள் இருக்கு, பார்க்க ஆள் இல்லை. யோசனை சொல்லுங்க

செம்மண்_தடம்:
வணக்கம் நண்பர்களே. உடுமலைப் பக்கம் சின்ன பைக் கிளப் எங்களோடது. எல்லாருமே வேலைக்குப் போறவங்க, கடை வச்சிருக்கவங்க. வருஷத்துக்கு ஒருமுறை ஆடி மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை டர்ட் டிராக் ரேஸ், அதாவது மண் தடத்துல பைக் ரேஸ் வைக்கிறோம். ஓட்டுறதுக்கு ஆள் பஞ்சமே இல்லை. கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல்னு வந்துடறாங்க. ஆனா பந்தல்ல உட்கார்ந்திருக்கறது யாருன்னு பார்த்தா, ஓட்டுறவனோட அண்ணன், மெக்கானிக், மெக்கானிக்கோட மச்சான். அவ்வளவுதான்.

இதே ஏரியாவுல ரேக்ளா ரேஸ்னா விடியக்காலைல இருந்தே ரோடு அடைச்சுக்குது. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? ஃபிளெக்ஸ் வச்சோம், கேபிள் டிவியில ஓடவிட்டோம், ரீல்ஸ் போட்டோம். ரீல்ஸுக்கு லைக் வருது, ஆள் வரலை. ஸ்பான்சர் பண்ற ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இந்தத் தடவை, "கூட்டம் வந்தா சொல்லுங்க தம்பி, அப்புறம் பேசலாம்"னு நேராவே சொல்லிட்டார். அனுபவம் இருக்கறவங்க உதவுங்க.

சுக்காங்கல்:
விளம்பரத்தை விடுங்க. ரேஸ் அன்னைக்கு நடக்கறதைச் சொல்லுங்க. எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை கிளாஸ் (பிரிவு), ஒரு ரேஸுக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு நேரம், மைக்ல யாரு, ஆளுங்க எங்க நிக்கறாங்க?

செம்மண்_தடம்:
காலை எட்டு மணிக்கு ஹீட்ஸ், அதாவது ஃபைனலுக்கு ஆள் எடுக்கற சுற்று ஆரம்பம். பதினோரு கிளாஸ். நாவிஸ் (புதுசா ஓட்டறவங்க), 165 சிசி வரைக்கும் ஃபோர் ஸ்ட்ரோக், யமஹா ஆர்எக்ஸ் ஓப்பன், புல்லட், இப்படிப் போகும். கடைசி ஃபைனல் முடிய அஞ்சரை ஆயிடும். ரெண்டு ரேஸுக்கு நடுவுல இருபது நிமிஷம், சில சமயம் அரை மணி. மதியம் சிறப்பு விருந்தினர் வருவாங்க, ஒரு மணி நேரம் அதுக்குப் போயிடும். மைக் சவுண்ட் சர்வீஸ்காரர்கிட்ட இருக்கும். பாட்டு போடுவார், நடுவுல எங்க பையன் ஒருத்தன் நம்பர் சொல்லுவான். கிழக்கால ரோடு இருக்கறதால பந்தல் அந்தப் பக்கம். டிராக்குக்கு மேற்கால ஒரு பழைய குட்டைக்கரை இருக்கு, அங்க யாரும் போறதில்லை.

சுக்காங்கல்:
இப்பப் புரியுதுங்க. நீங்க நடத்தறது ஓட்டறவங்களுக்கான நாள். அதுல தப்பில்லை, அதைப் பார்க்கறவன் தலையில கட்டக்கூடாது. காலைல எட்டு மணிக்கு வந்தவன் பத்து மணிக்குள்ள நாலு ஹீட் பார்ப்பான். யார் ஜெயிச்சா என்னன்னு அவனுக்குத் தெரியாது, ஏன்னா அது ஃபைனலும் இல்லை. அப்புறம் அரை மணி நேரம் சும்மா பாட்டு. எழுந்து போயிடுவான், அடுத்த வருஷம் வரவும் மாட்டான். கூப்பிடறதுல உங்களுக்குக் குறை இல்லை. வந்தவன் தங்கலை.

ஹீட்ஸ் எல்லாத்தையும் காலைலயே முடிச்சுருங்க. அதுக்கு யாரையும் அழைக்காதீங்க, வந்தா வரட்டும். போஸ்டர்ல "மதியம் மூணு மணி முதல் அஞ்சரை வரை"ன்னு மட்டும் போடுங்க. அந்த ரெண்டரை மணி நேரமும் ஃபைனல் மட்டும். பதினோரு ஃபைனலும் தேவையில்லைங்க. ஆறு போதும், மீதியைக் காலைலயே ஓட்டி முடிச்சுக்கலாம். ஒரு ஃபைனல் கடைசி ரவுண்டுல இருக்கும்போதே அடுத்த கிளாஸ் வண்டிங்க எல்லாம் வெயிட்டிங் ஏரியால ஸ்டார்ட் ஆகி நிக்கோணும். ரேஸ் முடிஞ்சதுன்னு காட்டற செக்கர்டு கொடி விழுந்து அஞ்சு நிமிஷத்துல அடுத்த கொடி. கடைசியா எதை வைக்கறதுன்னு நான் சொல்லோணுமா? ஆர்எக்ஸ் 100 தான். 1985-ல வந்து 1996-ல நின்னுபோன 98 சிசி வண்டிக்கு இன்னும் நம்மூர்ல இருக்கற மவுசுக்கு, அந்தச் சத்தம் ஒண்ணே ரோட்டுல போறவனை நிறுத்திப்புடும்.

அப்புறம் அந்தப் பொன்னாடை. அதை மூணு மணிக்கு முந்தி ஷெட்டுக்குள்ள முடிச்சுக்கோங்க. சிறப்பு விருந்தினருக்குக் கொடி அசைக்கக் குடுங்க, அவருக்கும் சந்தோசம், போட்டோவும் நல்லா வரும். மைக் மட்டும் குடுத்துராதீங்க!

பழைய_யெஸ்டி:
தம்பி, நான் சென்னை. சோழவரம் பார்த்து வளர்ந்தவன். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருஷம் பந்தயம் நடத்தியது. வசதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் ஜனம் திரண்டது. ஓடுதளம் சமதரை, மரமில்லை, வண்டி எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கோயம்புத்தூர்க்காரன், பெங்களூர்க்காரன், சிலோன்காரன் என்று ஊர் வாரியாகக் கட்சி கட்டிக்கொண்டு கத்துவோம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. 3.7 கிலோமீட்டர், எல்லா விதத்திலும் பாதுகாப்பானது, தரமானது. பந்தயம் நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் சோழவரத்தில் இருந்த அந்தத் திருவிழாக் களை அங்கே வரவில்லை என்பது என் அபிப்பிராயம். யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

உங்களுக்குச் சொல்ல வந்தது மைக் பற்றி. அலங்காநல்லூரில் வாடிவாசல் மைக்கைக் கேட்டிருப்பீர்கள். மாடு வெளியே வரும் முன்பே அது யார் மாடு, எந்த ஊர், பிடித்தால் என்ன பரிசு, எல்லாம் சொல்லிவிடுவார்கள். மாட்டை முன்பின் பார்த்திராதவனும் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறான். உங்கள் பையன் "இருபத்தேழு முன்னாடி, பதினாலு பின்னாடி" என்கிறான். இருபத்தேழு யார்? "தாராபுரம் பையன், பகல்ல லேத்துப் பட்டறை, போன வருஷம் கடைசி வளைவுல விழுந்து ஜெயிப்பை விட்டவன், இன்னைக்கு அதே வளைவுக்கு வர்றான்" என்று சொல்லிப் பாருங்கள். பந்தலில் ஒருத்தன் உட்கார்ந்திருக்க மாட்டான்.

என்ட்ரி ஃபார்மிலேயே ஊர், தொழில், வண்டி மூன்றையும் எழுதி வாங்குங்கள். மைக் பிடிக்க உள்ளூரில் ரேக்ளாவுக்கோ கபடிக்கோ பேசுகிறவரைப் பிடியுங்கள். பைக் தெரிந்த ஒரு பையன் பக்கத்தில் நின்று காதில் சொன்னால் போதும்.

இளநிக்கடை:
நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. டிவிஎஸ் எக்ஸெல் கிளாஸ் ஒண்ணு வைங்க. சுத்து வட்டாரத்துல தோப்பு வச்சிருக்க எல்லார் வீட்லயும் அந்த வண்டி நிக்குது. கேடிஎம் பறந்தா "ஆஹா"ன்னு பார்ப்பாங்க. எக்ஸெல் பறந்தா ஊரே வரும், ஏன்னா ஓட்டறது அவங்க சித்தப்பா.

கியர்_நாலு:
இதுக்குத்தான் பயந்தேன். நாங்க கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் தடத்துல வாலண்டியரா நிக்கறவங்க. பசங்க கைக்காசு போட்டு சஸ்பென்ஷன் மாத்தி, ராத்திரி பகலா பிராக்டிஸ் பண்ணி வர்றாங்க. நடுவுல எக்ஸெல் விட்டா இது காமெடி ஷோ ஆயிடும். அப்புறம் ரேஸை ரேஸா யாரும் மதிக்கமாட்டாங்க.

இளநிக்கடை:
ப்ரோ, மதிக்கறதுக்கு முதல்ல ஆள் வரோணும்ல?

சுக்காங்கல்:
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். எக்ஸெல் கிளாஸ் வைங்க, ஆனா வெளையாட்டா வைக்காதீங்க. ஹெல்மெட், பூட்ஸ், முட்டிக்கவசம், வண்டிச் சோதனை எல்லாம் மத்த கிளாஸுக்கு உள்ள மாதிரியே. உள்ளூர் பஞ்சாயத்து ஆளுங்களுக்கு மட்டும்னு வைங்க. மூணு மணிக்கு முதல் ரேஸா விட்டுட்டா, அவங்க சொந்தக்காரங்க சரியா மூணுக்கு வந்து உட்கார்ந்துருவாங்க. அப்புறம் எழுந்திரிக்காம வைக்கறது உங்க சாமர்த்தியம்.

கியர்_நாலு, கரில நிக்கறீங்கன்னா பேடாக் (ரேஸ் வண்டிங்களை நிறுத்தித் தயார் பண்ற இடம்) விசயத்தைச் சொல்லுங்க. அது உங்களுக்குத்தான் தெரியும்.

கியர்_நாலு:
சொல்றேன். கரிக்கு வர்ற குடும்பங்கள்ல சின்னப் பசங்களுக்கு டிராக்கை விட பேடாக் தான் பிடிக்கும். பெரிய ரேஸ்னா கயிறு கட்டி பாஸ் கேப்பாங்க. கிளப் ரேஸ்ல அந்தத் தொல்லை இல்லை. ரெண்டரைல இருந்து மூணு வரைக்கும் பேடாக்கைத் திறந்து விடுங்க. வண்டி எல்லாம் ஆஃப்ல, ஸ்டாண்டுல நிக்கட்டும். பையனை ஏத்தி உட்கார வச்சு அப்பா போட்டோ எடுப்பார். அந்தப் பையன் உட்கார்ந்த வண்டி நம்பர் என்னவோ, அதுக்குத்தான் சாயங்காலம் வரைக்கும் கத்துவான்.

இன்னொண்ணு, நம்பர் போர்டு. மூணு ரேஸ் முடிஞ்சதும் எல்லா வண்டியும் ஒரே செம்மண் நிறம் ஆயிடும், யார் யார்னே தெரியாது. ஃபைனலுக்கு முன்னாடி போர்டைத் துடைக்கறதைக் கட்டாயம் ஆக்குங்க. முடிஞ்சா ஹெல்மெட்டுக்கு மேல போடற மாதிரி கலர் துணி உறை தைச்சுக் குடுங்க. சிவப்பு முன்னாடி, மஞ்சள் துரத்துதுன்னா பாட்டிக்கும் புரியும். திருப்பூர் பக்கத்துல இருந்துட்டு துணிக்கு யோசிக்கக் கூடாது.

பல்லடம்_காத்து:
எல்லாரும் மைக், கிளாஸ்னு பேசறீங்க. பந்தல் கிழக்கால இருக்குன்னு அவர் எழுதினதை யாரும் கண்டுக்கலையா? ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து மேற்கால இருந்து வருது. அந்தக் காத்தை நம்பித்தான் நம்ம பக்கம் இத்தனை காத்தாலை நிக்குது. பந்தல் கிழக்கால இருந்தா டிராக்குப் புழுதி மொத்தமும் பார்க்கறவன் வாய்க்குள்ள. போதாக்குறைக்கு மூணு மணிக்கு மேல வெயில் நேரா கண்ணுல அடிக்கும். புழுதியும் வெயிலும் சேர்ந்தா எதைத்தான் பார்க்கறது?

மேற்கால குட்டைக்கரை சும்மா கிடக்குதுன்னு சொல்றீங்க. ஆளுங்களை அங்க ஏத்துங்க! முதுகுல காத்து, முதுகுல வெயில், உயரத்துல இருந்து பார்த்தா முழு டிராக்கும் தெரியும். காசு போட்டு கேலரி கட்டறவன் எல்லாம் இருக்கான், உங்களுக்கு எவனோ நூறு வருஷத்துக்கு முந்தி கட்டி வச்சுட்டுப் போயிருக்கான். கரை மேல சீமைக்கருவேலம் இருந்தா வெட்டிச் சுத்தம் பண்ணுங்க.

ரோடு கிழக்கால இருக்கறதால ஆளுங்க டிராக்கைக் குறுக்க தாண்டக் கூடாது. வடக்கால சுத்தி ஒரு வண்டிப்பாதை விட்டு, பார்க்கிங்கையும் அங்கயே தள்ளுங்க. பொம்பளைங்களுக்கு கழிப்பறை, தண்ணி, உட்கார நிழல், இந்த மூணும் இருந்தாத்தான் குடும்பமா வருவாங்க. நடமாடும் கழிப்பறை வாடகைக்குக் கிடைக்குது, கல்யாண மண்டபத்துக்காரங்களைக் கேளுங்க.

தேதியை ஆடியை விட்டு மாத்தாதீங்க. ஆடியில முகூர்த்தம் கிடையாது, ஞாயிறு எல்லாரும் சும்மா இருப்பாங்க. ஆவணிக்குப் போனீங்கன்னா ஓட்டறவனே கல்யாணத்துக்குப் போயிருவான். ஆடிப்பெருக்கு நாளை மட்டும் தவிருங்க, அன்னைக்கு ஜனம் அமராவதி ஆத்துல இருக்கும்.

மலைநாட்டான்:
இலங்கை, பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். சனத்தை எப்படிக் கொண்டு வருவது என்று பேசுகிறீர்கள், வந்தால் எங்கே நிற்க வைப்பது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். எங்கள் பக்கத்து ஊர் தியத்தலாவை. 2024 ஏப்ரல் 21, ஃபாக்ஸ் ஹில் சுப்பர்குரொஸ் மோட்டார் பந்தயம். புத்தாண்டுக் காலம், சனம் அள்ளுகொள்ளையாக வந்தது. பந்தயக் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்ததில் 7 பேர் இறந்து போனார்கள். அதில் ஒருவர் எட்டு வயதுப் பிள்ளை. மோட்டார் சைக்கிள் சிறியதுதானே என்று நினைக்காதீர்கள். ஆள் விழுந்த பிறகும் வண்டி தனியாக ஓடி வரும்.

வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. நேர்த்தடம் முடிகிற இடத்திலும், ஜம்ப் இறங்குகிற இடத்திலும் அப்படியே. கயிறு ஒன்று மட்டும் கட்டினால் அது வேலி ஆகாது. முதலில் தடத்தோரம் மண்மேடு அல்லது டயர், பிறகு வெறும் இடம், அதற்கும் அப்பால்தான் சனத்துக்கான தடுப்பு. கரையில் ஏற்றுவது நல்ல யோசனை, ஆனால் கரையின் அடிவாரத்துக்குச் சிறுவர்கள் இறங்கி வருவார்கள், அங்கே ஆள் போடுங்கள். சனம் தடுப்பைத் தாண்டினால் பந்தயம் நிற்கும் என்று முதலிலேயே அறிவித்து, ஒருமுறை உண்மையாகவே சிவப்புக் கொடி காட்டி நிறுத்துங்கள். பிறகு அவர்களே ஒருவரை ஒருவர் பின்னுக்கு இழுப்பார்கள்.

கியர்_நாலு:
இவர் சொல்றதுதான் முதல்ல வரவேண்டியது. கூட்டம் கூடும்னா போலீஸ் அனுமதி, ஆம்புலன்ஸ், டாக்டர், காப்பீடு எல்லாத்தையும் அந்தக் கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி வாங்கோணும். எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளோட கூட்டமைப்பு) பெர்மிட் இருக்குல்ல? இல்லைன்னா கூட்டத்தைப் பத்தி இப்பப் பேசவேண்டாம். ஆம்புலன்ஸ் ஒருத்தரை ஏத்திட்டுப் போயிட்டா, அது திரும்பற வரைக்கும் ரேஸ் நிக்கும். அதனால ரெண்டு வேணும். ரெண்டரை மணி நேரத்துக்குள்ள முடிக்கறதுக்கும் அதுதான் வழி.

செம்மண்_தடம்:
பெர்மிட் இருக்கு அண்ணா, அதுல விளையாடறதில்லை. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் கரை மேல ஏறி நின்னு பார்த்தோம். பல்லடம் அண்ணன் சொன்னது அப்படியே இருக்கு, தெற்கு வளைவு ஒண்ணு மட்டும் தென்னை மறைக்குது, மீதி எல்லாம் தெரியுது. கரைக்குக் கீழ தடம் நேரா போகுது, வளைவு இல்லை. ஆனாலும் மண்மேடு போட்டுடறோம். மூணு மணி திட்டத்துக்கு கிளப்புல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. பொன்னாடைக்குத்தான் பொருளாளர் முறைக்கறார்.

ரெண்டு சந்தேகம். டிக்கெட் போடலாமா, அம்பது ரூபாய் மாதிரி? இன்னொண்ணு, தண்ணி லாரி. போன தடவை ஃபைனலுக்கு முன்னாடி அடிச்சோம், முதல் வளைவுலயே நாலு பேர் வழுக்கி விழுந்தாங்க. அடிக்கலைன்னா புழுதி. எப்ப அடிக்கறது?

பழைய_யெஸ்டி:
டிக்கெட் வேண்டாம் தம்பி, இப்போது வேண்டாம். பார்க்கிங்குக்கு இருபது ரூபாய் வாங்குங்கள், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். பத்து ரூபாய்க்கு ஒரு தாள் அச்சடித்து விற்கலாம். ஆறு ஃபைனல், ஒவ்வொன்றிலும் நம்பர், பெயர், ஊர், வண்டி, பக்கத்தில் ஜெயித்தவரைக் குறிக்க ஒரு கட்டம். பின்பக்கம் முழுக்க அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை விளம்பரம். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பேசுங்கள்.

சுக்காங்கல்:
தண்ணி முந்தின நாள் ராத்திரி நல்லா ஊற அடிங்க, ரெண்டு நடையா. மண்ணு உள்ள ஈரம் புடிக்கோணும். ரேஸ் அன்னைக்கு ஹீட்ஸ் முடிஞ்ச உடனே, பன்னண்டரைக்குள்ள இன்னொரு நடை, அதுவும் லேசா. அந்தக் காத்துக்கு ரெண்டரை மணி நேரத்துல மேல் ஈரம் காஞ்சு, அடி ஈரம் நிக்கும். மூணு மணிக்கு எக்ஸெலுக்குச் சரியா இருக்கும். அதுக்கப்புறம் லாரியை டிராக்குக்குள்ளயே விடாதீங்க. நாலரைக்கு மேல புழுதி கிளம்பினா கிளம்பட்டும், காத்து அதைக் கிழக்காலதான் தள்ளும், அங்கதான் இப்ப யாரும் இல்லையே.