அக்கௌஸ்டிக் கிட்டாருக்கு பிக்கப்: வீட்டிலேயே மாட்டலாமா, கடைக்குக் கொடுக்கணுமா?

பாயான்லெப்பாஸ்_கம்பி:
வணக்கம். பினாங்குல ஃபேக்டரி டெக்னீஷியன் நான், சோல்டரிங் தினசரி வேலை. வெள்ளிக்கிழமை தோறும் கோயில் பஜனையில கிட்டார் வாசிக்கிறேன். முன்னால மைக் வச்சா தபேலா சத்தமும் சேர்ந்து ஏறுது, கொஞ்சம் கூட்டினா கூவ ஆரம்பிச்சிடுது. அதனால சேடிலுக்கு (மேல்பலகையில கம்பி கட்டுற பிரிட்ஜ்ல, கம்பி ஏறி உக்கார்ற சின்னப் பட்டை) அடியில போடுற பீசோ பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலா மாத்துறது) ஒண்ணு, 9 வோல்ட் பேட்டரியில ஓடுற ப்ரீஆம்ப்போட (அந்தச் சிக்னலைப் பெருக்கித் தர்றது) வாங்கிட்டேன். மாட்டிக் கொடுக்க ஜார்ஜ்டவுன்ல ஒரு கடையில 180 வெள்ளி (ரிங்கிட்) கேட்டாங்க. நாலு வயர் சுடறதுக்கா 180 வெள்ளி? நானே பண்ணிடலாம்னு இருக்கேன். மேல்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ் மரம், ஒட்டுப்பலகை இல்ல. பண்ணினவங்க சொல்லுங்க.

பட்டர்வொர்த்_மரக்கை:
தம்பி, கோவிச்சுக்காதீங்க. நானும் ரிப்பேர் வேலை பண்றவன்தான். அந்தக் காசு வயருக்கு இல்ல, மரத்துக்கு. பின்பக்கம் வார் மாட்டுற பின் இருக்கே, ஜாக் (வெளி வயரைக் குத்துற சாக்கெட்) உக்கார அந்தச் சின்ன ஓட்டையை 12 மில்லிமீட்டருக்குப் பெருசாக்கணும். பிரிட்ஜ்ல சேடில் உக்கார்ற ஸ்லாட்டோட ஒரு ஓரத்துல மேல்பலகையைத் துளைச்சு வயரை உள்ளே விடணும். அப்புறம் சேடிலோட அடியைத் தேய்க்கணும். மூணுலயும் ஒரு தடவை கை தப்பினா தப்பினதுதான். சுட்ட வயரைத் திருப்பிச் சுடலாம், துளைச்ச ஸ்ப்ரூஸை என்ன பண்ணுவீங்க? போன மாசம் ஒரு கிட்டார் வந்துச்சு. வீட்டு டிரில்லை அந்தப் பின் ஓட்டையில வச்சு அழுத்தியிருக்கார், பிட் கடிச்சு இழுத்து, வார்னிஷ் ஐம்பது காசு அளவுக்குப் பேத்துகிட்டு வந்திருக்கு.

செந்தூல்_அக்கா:
அண்ணே, அது டிரில் பண்ணின தப்பு. நீங்க சொல்ற அந்த ஓட்டைக்கு டிரில்லே வேண்டாம். ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமா பெருசாக்குற, கையால சுத்துற ரீமர் போதும். சுத்திலும் டேப் ஒட்டிட்டு, ஒரு சுத்து, எடுத்துப் பார், இன்னொரு சுத்து. அரை மணி நேரம் ஆகும், ஆனா பேக்காது. ஜாக்கை முதல்ல அளந்துக்கணும், சிலது 12 இருக்கும், சிலது 12.7. நான் கோலாலம்பூர்ல மூணு கிட்டாருக்கு நானே மாட்டியிருக்கேன். ஜாக், வயர் எல்லாம் ஜாலான் பசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்லயே கிடைச்சது. முதல் ஓட்டையை ஒரு பழைய மரக்கட்டையில போட்டுப் பழகினேன். கை எல்லாருக்கும் வரும்ணே, கடைக்காரங்களுக்கு மட்டும் பிறந்ததில்ல.

பட்டர்வொர்த்_மரக்கை:
ஓட்டையை விடுங்க, சேடிலுக்கு வாங்க. வீட்டுல பண்ணின பத்துல பாதி என்கிட்ட வர்றது அதுக்காகத்தான். அழுத்தினா மின்சாரம் வரும்னு கியூரி சகோதரர்கள் 1880-ல கண்டாங்களே, பீசோ அதுதான். அப்ப அழுத்தம் ஆறு கம்பிக்கும் ஒண்ணா இருக்கணும். சேடில் அடி ஒரு மயிரிழை வளைஞ்சிருந்தாலும் மூணாவது கம்பி கத்தும், முதல் கம்பி முனகும். நம்ம ஊர் ஈரத்துல மேல்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால வயிறு தள்ளியிருக்கும், அதோட பிரிட்ஜும் வளையும், ஸ்லாட்டோட அடியும் நேரா இருக்காது. இதை ஒரு நாள்ல யூடியூப் பார்த்துக் கத்துக்க முடியாது.

செந்தூல்_அக்கா:
இதை ஒத்துக்கறேன், எனக்கும் முதல்ல அப்படித்தான் ஆச்சு. ரெண்டாவது கம்பி கேக்கவே இல்ல. ஆனா சரி பண்ணினதும் நான்தான். ஒரு கண்ணாடித் துண்டு மேல 220 நம்பர் சேண்ட் பேப்பர் ஒட்டி, சேடிலை ஒரு சதுரக் கட்டையோட சேர்த்துப் பிடிச்சு தேச்சேன். வெறும் கையால தேச்சா சேடில் ஆடி ஓரம் உருண்டுடும். அப்புறம் சேடில் ஸ்லாட்டுக்குள்ள விரலால அழுத்தினாலே இறங்கணும். சுத்தியல் தேவைப்பட்டா அழுத்தம் பிக்கப்புக்குப் போகாது, பக்கச் சுவருக்குப் போகும்.

தம்பி, எவ்வளவு தேய்க்கறதுன்னா, பிக்கப் எவ்வளவு தடிமனோ அவ்வளவு. தேய்க்காம விட்டா 1 மில்லிமீட்டர் பிக்கப் 12-வது ஃப்ரெட்டுல கம்பியை அரை மில்லிமீட்டர் தூக்கிடும். விரல் உடனே சொல்லும்.

ஈப்போ_ரிதம்:
சாலிட் டாப்பைத் துளைக்கணுமான்னு யாருமே கேக்கலையே. பிரிட்ஜுக்கு நேர் கீழே, உள்பக்கம் பிரிட்ஜ் பிளேட்டுல (மேல்பலகைக்கு அடியில தாங்கற மரத்தகடு) ஒட்டுற பிக்கப் வகை இருக்கு. சேடிலைத் தொடவே வேண்டாம். முதல்ல இரட்டைப் பக்க டேப்புல வச்சுக் கேட்டுட்டு, இடம் பிடிச்சா அப்புறம் ஒட்டலாம். ஆனா பேட்டரி இல்லாததை நேரா மிக்சர் லைன் இன்புட்டுல குத்தாதீங்க. பீசோவைக் குத்துற இன்புட்டோட தடை (இம்பீடன்ஸ்) குறைஞ்சது 1 மெகா ஓம் வேணும், லைன் இன்புட் 10 கிலோ ஓம்தான் இருக்கும். 82 ஹெர்ட்ஸ்ல பேசற தடிக் கம்பி காணாமப் போய், தகரம் தட்டுற சத்தம்தான் மிஞ்சும்.

பாயான்லெப்பாஸ்_கம்பி:
வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க முடியாது அண்ணே. வயரிங்ல எங்க கவனிக்கணும்?

செந்தூல்_அக்கா:
நீங்க பயப்படாத இடத்துலதான் நான் மாட்டிக்கிட்டேன். ஜாக்குல டிப், ரிங், ஸ்லீவ்னு மூணு கால் இருக்கும். டிப்புல சிக்னல், ஸ்லீவ்ல எர்த், ரிங்ல பேட்டரியோட கறுப்பு வயர். சாதா மோனோ வயரைக் குத்தும்போது அதோட உடம்பு ரிங்கையும் ஸ்லீவையும் சேர்த்து வைக்கும், அப்பத்தான் ப்ரீஆம்ப் விழிக்கும். நான் கறுப்பை நேரா ஸ்லீவ்ல சுட்டுட்டேன். சத்தம் அருமையா வந்துச்சு. மூணு வாரத்துல பேட்டரி செத்துச்சு, மாத்தினேன், மறுபடியும் செத்துச்சு. உறைக்குள்ள தூங்கும்போதும் ப்ரீஆம்ப் முழிச்சுக்கிட்டே இருந்திருக்கு. வாசிச்சு முடிச்சதும் வயரைப் பிடுங்குங்க, அதுதான் ஸ்விட்ச்.

ஜாக்கை உள்ளேயிருந்து பின் ஓட்டைக்குக் கொண்டு வர, சாகுவே (சீனப் பலகாரம்) பொரிக்கிற நீளமான சாப்ஸ்டிக் ஒண்ணு எடுத்துக்குங்க. முனையில கொஞ்சம் டேப் சுத்தி, வெளியே இருந்து ஓட்டை வழியா விட்டு சவுண்ட்ஹோல் வரைக்கும் நீட்டி, ஜாக்கை அதுல சொருகி மெதுவா இழுத்தா தானா வந்து உக்காரும்.

பாயான்லெப்பாஸ்_கம்பி:
சரி. ரீமர் வாங்கிடறேன், கட்டையில ரெண்டு ஓட்டை போட்டுப் பழகிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறேன். மரக்கை அண்ணே, உங்க பேச்சை மீறறதா நினைக்காதீங்க.

பட்டர்வொர்த்_மரக்கை:
நான் இன்னும் ஒத்துக்கல தம்பி. ஆனா பண்றதுன்னு முடிவெடுத்துட்டீங்கன்னா, இப்ப இருக்கிற சேடிலைத் தேய்க்காதீங்க. கடையில எலும்புச் சேடில் ஒண்ணு புதுசா வாங்கி அதைத் தேயுங்க. பழசு அப்படியே இருந்தா உயரத்துக்கு அளவும் கிடைக்கும், பிக்கப்பைக் கழட்டினா திருப்பிப் போடவும் ஆகும். ஸ்லாட் ஓட்டை போடறதுக்கு முன்னால கண்ணாடியும் டார்ச்சும் உள்ளே விட்டுப் பாருங்க. பிட் இறங்கற இடத்துல பிரேஸ் கட்டை (மேல்பலகையை உள்ளேயிருந்து தாங்கற மரச்சட்டம்) இருந்தா, ஓட்டையை ஸ்லாட்டோட அடுத்த ஓரத்துக்கு மாத்துங்க.