பாளையங்கால்வாய்க்கு இத்தனை துறை, இத்தனை சங்கம்: சேர்ந்து வேலை செய்ய வைப்பது எப்படி?

கால்கரை (கேள்வி)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வருவது திருநெல்வேலித் தாமிரபரணியிலிருந்து பிரிகிற பாளையங்கால்வாயில்தான், அதுவும் மேலப்பாளையம், பாளையங்கோட்டை எல்லாம் தாண்டிக் கடைசியில். பழவூர் அணைக்கட்டில் தெளிவாக இறங்குகிற தண்ணீர் நகரத்துக்குள் புகுந்து வெளியே வரும்போது கறுத்துப்போய் நாறுகிறது, மேலே கரைக்குக் கரை அமலைச்செடி (ஆகாயத்தாமரை). பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவுகிற நேரத்தில்தான் எங்கே அடைத்திருக்கிறது என்றே தெரியவரும்.

போன கோடையில் விவசாயச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், கல்லூரிப் பிள்ளைகள், அதிகாரிகள் என எல்லாரையும் ஒரு மண்டபத்தில் கூட்டினோம். எல்லாரும் நல்ல மனதோடுதான் பேசினார்கள். வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினோம். அதற்குப் பிறகு ஒன்றும் நகரவில்லை. ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொன்றைக் கைகாட்டுகிறார்கள். கூட்டமைப்பு என்று பதிவு செய்தால் சரியாகுமா, இல்லை வேறு வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மடைவாசல்

பதிவு செய்வது அப்புறம் இருக்கட்டும். முதலில் யார் கையில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கால்வாயும் ஷட்டரும் நீர்வளத்துறை. சாக்கடை மாநகராட்சி. ஆக்கிரமிப்பு அளக்க வருவாய்த்துறை சர்வேயர் வேண்டும். குளத்திலும் பிரிவு உண்டு: ஆயக்கட்டு, அதாவது குளம் பாய்கிற நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஒரே கால்வாயில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு குளத்துக்கு இரண்டு அலுவலகம் ஏற வேண்டியிருக்கும்.

பாசன மேலாண்மைச் சட்டம் 2000-இல் வந்தது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கு மேல் பகிர்மானக் குழு, அதற்கும் மேல் திட்டக் குழு. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் உறுப்பினர் யார்? ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். கால்வாயில் கழிவுநீர் விடுகிற வீட்டுக்காரரும் கடைக்காரரும் அந்தச் சங்கத்துக்குள்ளேயே வரமாட்டார்கள். அவர்களை உங்கள் சங்கம் எப்படிக் கட்டுப்படுத்தும்? அதனால்தான் சங்கத்தையும் நகரத்தையும் ஒரே மேசையில் உட்காரவைக்க மேலே ஓர் ஆள் தேவைப்படுகிறது. அது மாவட்ட ஆட்சியராகத்தான் இருக்க முடியும். அவர் பேரில் ஓர் உத்தரவு, அதில் இன்ன துறை இன்ன தேதிக்குள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வெறும் நல்ல மனதை நம்பி ஒரு மதகைக்கூட பழுதுபார்க்க முடியாது.

நாமக்கோழி

மடைவாசல் அண்ணாச்சி சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். உத்தரவு இல்லாமலும் பல அமைப்பு சேர்ந்து நடக்கும், நம்ம ஊரிலேயே நடக்கிறது. தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011-இல் தொடங்கியது. மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தோடு இயற்கைக் குழுக்கள், மாணவர்கள், ஆர்வலர்கள் எல்லாரும் ஜனவரியில் குளம் குளமாகப் பிரிந்து போகிறார்கள். ஏன் நிற்காமல் நடக்கிறது? வேலை சின்னது, எல்லாருக்கும் ஒரே படிவம், எண்ணிய கணக்கு எல்லாருக்கும் திரும்பி வருகிறது. யார் பெரியவர் என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

முக்கியமானது, நடுவில் ஓர் அமைப்பு உட்கார்ந்து ஃபோன் போட்டு, தேதி குறித்து, படிவம் சேர்த்து, விட்டுப்போனவரை மறுபடி கூப்பிடுகிறது. அது அலுப்பான வேலை, அதற்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆள் வேண்டும். நம் ஆட்கள் பேனருக்குப் பணம் தருவார்கள், இதற்குத் தரமாட்டார்கள். உங்கள் மண்டபக் கூட்டத்துக்கு மறுநாள் யாராவது முடிவுகளை எழுதி எல்லாருக்கும் அனுப்பினார்களா?

கால்கரை

இல்லை. ஆளாளுக்கு எடுத்த ஃபோட்டோதான் வந்தது.

திருமஞ்சனம்

ஸ்பெயினில் வாலென்சியா ஊரில் தூரியா ஆற்றில் எட்டு கால்வாய். (நம் தாமிரபரணிக்கும் எட்டு அணைக்கட்டு.) ஒவ்வொரு கால்வாய்க்காரரும் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவரும் விவசாயிதான். அந்த எட்டுப் பேரும் வியாழக்கிழமை மதியம் பேராலய வாசலில் உட்கார்ந்து தண்ணீர்த் தகராறுகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்க்கிறார்கள். பல நூற்றாண்டாக நடக்கிறது, 2009-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்தது. எனக்குப் பிடித்த விதி இது: எந்தக் கால்வாய் மேல் வழக்கோ, அதன் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள முடியாது. அதே 2009-இல் பொருளாதார நோபல் வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரம் இப்படிப்பட்ட பாசன அமைப்புகளை ஆராய்ந்துதான், பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, கண்காணிக்கிறவர் அவர்களுக்கே பதில் சொல்கிற இடத்தில் பொதுச்சொத்து நீடித்து நிற்கிறது என்று காட்டினார். அரசும் வேண்டும், ஆனால் ஒவ்வொரு அடுக்குக்கும் அதனதன் அதிகாரம் வேண்டும் என்றார். உங்களுக்கு நிரந்தர நாள், நிரந்தர இடம் வேண்டும். எப்போது கூடுவது என்பதே ஒவ்வொரு தடவையும் பேச்சுவார்த்தையாக இருந்தால் எதுவும் நிற்காது.

கடம்பாகுளம்

நான் ஸ்ரீவைகுண்டம் தென்கால்காரன், எட்டாவது அணைக்கட்டு. நீங்கள் எல்லாரும் உங்கள் கால்வாயைப் பற்றியே பேசுகிறீர்கள், அது கடைசியில் ஆறுதானே? பாபநாசத்தில் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் விடுகிற தண்ணீர், வழியில் எடுக்கிற குடிநீர் எல்லாம் போக மிச்சம்தான் எங்களுக்கு. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தபோது, மேலே எந்த அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆகவே கீழ் மடைக்காரனையும் உட்காரவைக்காத கூட்டமைப்பு எனக்கு வேண்டாம். சங்கத் தலைவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள், ஷட்டர் ஏற்றி இறக்குகிற லஸ்கரைக் கூப்பிடுங்கள். எந்த இடத்தில் அடைக்கும், எந்த மதகில் பலகை உடைந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

கால்கரை

எல்லாருக்கும் நன்றி. அடுத்த அடைப்புக் காலத்தில் தண்ணீர் நின்றதும் அணைக்கட்டிலிருந்து கடைசிக் குளம் வரை லஸ்கரோடு கரையில் நடந்து, கழிவுநீர் விழுகிற இடம் ஒவ்வொன்றையும் குறித்து, அதே தாளை எல்லா அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்கப்போகிறோம். மாதம் முதல் ஞாயிறு, குளத்துக்கரைக் கோயில் மண்டபத்தில் கூட்டம். முடிவுகளை எழுதி அனுப்பும் ஆளுக்கு மாதாமாதம் கொடுக்க எங்கள் சங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது, மற்ற சங்கங்களிடம் கேட்க வேண்டும். கடம்பாகுளம் அண்ணாச்சி, உங்கள் பக்கத்திலிருந்து ஒருவரை அனுப்ப முடியுமா?

கடம்பாகுளம்

நானே வருகிறேன்.